சுங்கை சிப்புட்டிலிருந்து முதல் பாட்டை வெளியிட: பேய்ப் பாட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் முதல் பாட்டு வெளிவரப் பதினான்கு மாதம் ஆனது. எழுதி மெட்டுப் போட ஒன்பது நாள்தான். மிச்ச நாளெல்லாம் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்து, முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் தேடி அலைந்தேன். இரண்டாவது பாட்டு ஏழே வாரத்தில் வந்துவிட்டது. மலேசியாவில் ஈப்போ, கோலாலம்பூர் போன்ற நகரங்களுக்கு வெளியே தோட்டத்து டவுனில் உட்கார்ந்து தனியாகப் பாட்டு எழுதும் தம்பி தங்கைகளுக்காக அந்த ஏழு வாரத்து வரிசையை எழுதி வைக்கிறேன்.

நான் பாடுவது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறாவது தந்தியை ஒரு சுரம் இறக்கிய கித்தார், ஓர் உறுமி, ஒப்பாரி இழுப்பு. பால்மரக் (ரப்பர்) காடு, மூடிப்போன லயத்து வீடு, திரும்பி வராத ஆட்கள், முனீஸ்வரர் கோயில் புளியமரம் என்று இதைச் சுற்றியே பாட்டு போகும். வெளியில் இதை கோத்திக் ஃபோக் என்கிறார்கள். என் அத்தை வைத்த பெயர் பேய்ப் பாட்டு. இரண்டும் எனக்குச் சரிதான். நீங்கள் வேறு மாதிரி பாட்டு எழுதினாலும் கீழே உள்ள காகித வேலை ஒன்றேதான். இருட்டான பாட்டுக்கு மட்டும் வரும் தொல்லைகளை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. மைக்கைத் தொடுவதற்கு முன் ஒரு தாள்

பாட்டை யார் எழுதியது, மெட்டு யாருடையது, இசைக்கோர்ப்பு யார், யார் வாசித்தது என்ற நான்கையும் ஒரே தாளில் எழுதுங்கள். அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், ஒவ்வொருவருக்கும் எத்தனை விழுக்காடு, கூட்டினால் சரியாக 100, கையெழுத்து, தேதி. கைப்பேசியில் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். செலவு ஒரு காசு இல்லை. நான் இதைச் செய்யாததால் கித்தார் வாசித்த நண்பரோடு நான்கு மாதம் பேச்சு வார்த்தை கிடையாது. அவர் கேட்டதில் தப்பில்லை. முகப்பு இசை அவருடையது. முதலிலேயே பேசியிருந்தால் டீக்கடையில் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

நம்மில் நிறையப் பேர் பாட்டியின் ஒப்பாரியை எடுத்துத்தான் பாட்டுக் கட்டுகிறோம். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஊரெல்லாம் பாடும், யார் கட்டியது என்று தெரியாத வரிகளை உங்கள் பெயரில் போட்டுக்கொள்ளாதீர்கள். 'பாரம்பரியப் பாடல்' என்று போட்டு, நீங்கள் சேர்த்த வரிக்கும் கோர்ப்புக்கும் மட்டும் உங்கள் பெயரைப் போடுங்கள். ஆனால் நல்ல ஒப்பாரிக்காரர்கள் உட்கார்ந்த இடத்திலேயே புதிதாகக் கட்டுவார்கள். என் பாட்டி அப்படித்தான்:

வெட்டுன மரமெல்லாம் வெயிலேறப் பால் நிக்கும்
என்னைப் பெத்த ஐயாவே, என் கண்ணு நிக்கலையே

விடியற்காலையில் பால்மரம் வெட்டி, வெயில் ஏறியதும் பால் நிற்பதை நாற்பது வருடம் பார்த்தவர்தான் இப்படிப் பாட முடியும். இந்த இரண்டு வரியும் பாட்டியுடையது. ஆகவே பாடலாசிரியர்களில் அவரும் ஒருவர். "எம் பேரு எதுக்குடி?" என்றார். விளக்கிச் சொன்னதும் பெருவிரல் ரேகை வைத்தார். அவர் குரலையும் பாட்டில் சேர்த்ததால், சேர்க்கச் சம்மதம் என்று ஒரு வரி எழுதி அதற்கும் ஒரு ரேகை.

2. வீட்டில் பதிவு செய்வது

நான் வாங்கியவை: மைக்கைக் கணினியோடு இணைக்கும் பழைய ஆடியோ இன்டர்ஃபேஸ் 280 வெள்ளி (ரிங்கிட்), பழைய மைக் 200, ஹெட்ஃபோன் 150, கேபிளும் ஸ்டாண்டும் 90. மடிக்கணினி ஏற்கெனவே இருந்தது. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் இலவசமாக முயன்று பார்க்கலாம், அப்புறம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

அறைக்குச் செலவு செய்யாதீர்கள். இரண்டு தோத்தோ மெத்தையைச் சுவரில் சாய்த்து, அம்மாவின் சேலை அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டி நின்று பாடுங்கள். எதிரொலியை இங்கேயே பிடிக்க ஆசைப்படாதீர்கள். இந்த மாதிரிப் பாட்டுக்குக் கிணற்றுக்குள் பாடுவது போன்ற ஒலி வேண்டும்தான். அதைக் கணினியில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பதிவிலேயே ஒட்டிக்கொண்ட எதிரொலியை முழுவதுமாக எடுக்க முடியாது.

உறுமியைச் சின்ன அறையில் பதிவு செய்தால் குமுறும். வளைந்த குச்சியால் தேய்க்கும் பக்கத்தில்தான் அந்த அழுகை ஒலி இருக்கிறது. மைக்கை அந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளி வையுங்கள். அடிக்கும் பக்கத்தில் வைத்தால் வெறும் இடிதான் கிடைக்கும்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் செம்பனைக் (பாமாயில் மரம்) குலை லாரி, மாலையில் கோயில் ஒலிபெருக்கி, மழை வந்தால் தகரக் கூரை. எனக்குக் கிடைத்தது இரவு பதினொன்றுக்கு மேல். முதல் நாள் ஒப்பாரிப் பகுதியை நாலாவது தடவை பாடிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு அத்தை, கையில் டார்ச் லைட், தோளில் துண்டு, பின்னால் அவர் மகன். "யாரும்மா? பாட்டியா?" என்றார். உள்ளே பாட்டி மைலோ குடித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பதிவு செய்யும் நாளில் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீங்களும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. எலியைப் பிடிக்கச் செம்பனைத் தோட்டங்களில் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். இரவில் அது கத்துவது பதிவில் விழும். நான் முதலில் அழித்தேன். அப்புறம் யோசித்து வெளியே போய் அதைத் தனியாகப் பதிவு செய்து பாட்டின் முடிவில் வைத்தேன். தகரத்து மழையையும் அப்படியே. இதற்கெல்லாம் யாருக்கும் உரிமைத்தொகை கொடுக்க வேண்டியதில்லை.

3. ஸ்டூடியோவுக்குப் போனால்

குரலையும் கித்தாரையும் வீட்டில் முடித்துவிட்டு, எல்லா ஒலியையும் அளவாகச் சேர்க்கும் கலவைக்கும், கடைசி மெருகான மாஸ்டரிங்குக்கும் மட்டும் ஈப்போ போங்கள். நான் கொடுத்தது மணிக்கு 60 வெள்ளி, மொத்தம் ஏழு மணி நேரம். நேரம் பேசும்போதே இரண்டு திருத்தம் இலவசமா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள்.

வெளியே வரும்போது கையில் இருக்க வேண்டியவை: முடிந்த பாட்டு, தரம் குறையாத டபிள்யூஏவி கோப்பாக, குரல் இல்லாத இசை தனியாக, ஒவ்வொரு கருவியும் தனித்தனிக் கோப்பாக. எம்பி3 மட்டும் கொடுத்தால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ரசீதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் பாட்டுக்கு நான் போன இடத்தில் ரசீதின் அடியில் பொடி எழுத்தில், ஒலிப்பதிவின் உரிமை அவர்களுக்கு என்று இருந்தது. கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்துவிட்டு வீட்டுக்கும் பட்டா கேட்ட கதை. அதை மாற்றி எழுதி வாங்க ஆறு வாரம் ஆனது.

4. இலவச பீட் என்ற பள்ளம்

யூடியூபில் 'இருண்ட இசை, இலவசம்' என்று கிடைக்கும் ஆர்கனையும் மணியோசையையும் எடுத்துப் போடாதீர்கள். அதே துண்டை உலகத்தில் ஆயிரம் பேர் எடுத்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் தன் பாட்டை, ஒரே ஒலி எங்கே வந்தாலும் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டால், உங்கள் வீடியோவின் வருமானம் அவருக்குப் போகும். எனக்கு நடந்தது. பன்னிரண்டு நொடி தேவாலய மணிக்காக முழுப் பாட்டின் பணமும் இரண்டு மாதம் நின்றது. மணி வேண்டுமென்றால் நம் ஊர்க் கோயில் மணியைத் தலைவரிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய லூப் (திரும்பத் திரும்ப ஓட விடும் இசைத் துண்டு) என்றாலும் அதன் உரிமச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அப்படிப்பட்ட லூப் உள்ள பாட்டை நீங்களும் கன்டென்ட் ஐடியில் பதியாதீர்கள். பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோகஸ்தரின் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

5. பதிப்புரிமை

மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதியோ ஒலிப்பதிவு செய்தோ வைத்த உடனேயே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்று பயமுறுத்தி 500 வெள்ளி கேட்பவர்களை நம்பாதீர்கள். உங்கள் வாழ்நாளும் அதற்குப் பிறகு 50 ஆண்டும் அந்த உரிமை நிற்கும்.

விருப்பப்பட்டால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் தானாக முன்வந்து அறிவிக்கலாம். வழக்கு என்று வந்தால் அந்தப் பதிவேட்டின் சான்று முதல்நிலை ஆதாரமாக நிற்கும். அடையாள அட்டை, பாட்டின் பிரதி, சத்தியப் பிரமாணம் வேண்டும். பிரமாணத்துக்கு சத்தியப் பிரமாண ஆணையரிடம் நேரில் போக வேண்டும். முதல் தாளில் இருந்த எல்லாப் பெயரும் இதிலும் அதே எழுத்தில் இருக்கட்டும். என் அடையாள அட்டையில் ஒரு ஆங்கில எழுத்து கூடுதல். அதற்காக ஒரு தடவை திரும்பி வந்தேன்.

6. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக்

நேராக இவற்றில் பாட்டை ஏற்ற முடியாது. நடுவில் ஒரு விநியோகஸ்தர் வேண்டும். மூன்று வகை உண்டு. டிஸ்ட்ரோகிட் போல ஆண்டுச் சந்தா. சந்தா நின்றால் தனியாகக் காசு கட்டியிருந்தாலொழிய பாட்டும் இறங்கிவிடும். சிடி பேபி போல ஒரு முறை கட்டணம். வருமானத்தில் 9 விழுக்காடு எடுத்துக்கொள்வார்கள், ஆனால் பாட்டு அங்கேயே இருக்கும். ரவுட்நோட்டின் இலவசத் திட்டத்தில் முன்பணம் இல்லை, 15 விழுக்காடு போகும். ஆண்டுக்கு ஒரு பாட்டு விடுகிறவருக்கு ஆண்டுச் சந்தா வீண் செலவு என்பது என் கணக்கு. வருடம் ஆறு பாட்டு விடுகிறவருக்கு அதுவே மலிவு. விலை மாறிக்கொண்டே இருக்கும், சேரும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் கேட்பவை: டபிள்யூஏவி கோப்பு, 3000-க்கு 3000 பிக்சல் சதுர அட்டைப்படம், பாடலாசிரியர், இசையமைப்பாளர் முழுப்பெயர், மொழி. மொழியில் தமிழ் என்றே போடுங்கள். ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து எண் ஒவ்வொரு பதிவுக்கும் வேண்டும். பெரும்பாலான விநியோகஸ்தர்கள் அதை இலவசமாகவே தருவார்கள். அந்த எண்ணை எழுதி வையுங்கள். விநியோகஸ்தரை மாற்றினால் அதே எண்ணோடுதான் மாற வேண்டும், இல்லையென்றால் கேட்ட எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

மேடைப் பெயரைத் தேர்ந்தெடுக்கும் முன் அதே பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேடுங்கள். 'காளி', 'நிழல்', 'இரவு' எல்லாம் எப்போதோ போய்விட்டன. என் முதல் பாட்டு பதினோரு நாள் ஒரு நடன இசைக்காரரின் பக்கத்தில் கிடந்தது. பாவம், அவருடைய ரசிகர்கள் என்ன நினைத்தார்களோ. ஊர்ப் பெயரையோ பாட்டி பெயரையோ சேர்த்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு செய்து கடைசி வரை அதையே வையுங்கள்.

அட்டைப்படம் எடுக்க இருட்டில் தோட்டத்துக்குள் போவதென்றால், அது தனியார் நிலம். மேனேஜர் ஆபீசில் ஒரு கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். நாங்கள் கேட்டபோது ஒரே நாளில் சரி என்றார்கள், காவலாளியையும் துணைக்கு அனுப்பினார்கள். அவர் காட்டிய பிறகுதான் நான் உட்கார இருந்த மட்டைக் குவியலில் நாகம் இருந்தது தெரிந்தது. பூட்ஸ் போடுங்கள். நீளக் கறுப்புப் பாவாடையெல்லாம் அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம். மயானத்தில் எடுப்பதாக இருந்தால் அதற்குப் பொறுப்பான குழுவைக் கேளுங்கள், யாருடைய கல்லறைப் பெயரும் படத்தில் விழ வேண்டாம்.

காலக்கெடு: வெளியீட்டு நாளுக்கு நான்கு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் கலைஞர் பக்கத்திலிருந்து பாடல் பட்டியல் குழுவுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது ஏழு நாள் வேண்டும். நாளைக்கே வர வேண்டும் என்று ஏற்றினால் அந்த வாய்ப்பு போயிற்று.

7. பணமும் வரியும்

எதிர்பார்ப்பை இறக்கி வையுங்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவையாவது ஒலித்திருந்தால்தான் அதற்குப் பணமே கணக்காகும். மற்றத் தளங்களின் கணக்கும் இரண்டு மூன்று மாதம் தள்ளித்தான் வரும்.

அமெரிக்க நிறுவனம் வழியாகப் பணம் வந்தால் டபிள்யூ-8 பென் என்ற, அமெரிக்கர் அல்லாதவருக்கான வரிப் படிவம் கேட்பார்கள். மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதற்கான முழு வரி ஒப்பந்தம் இல்லை. அமெரிக்காவிலிருந்து வரும் ராயல்டியில் 30 விழுக்காடு பிடிப்பார்கள், தப்பிக்க வழியில்லை. ஆனால் யூடியூபில் வரி விவரமே கொடுக்காமல் விட்டால் உலகம் முழுவதும் வந்த வருமானத்தில் 24 விழுக்காடு வரை பிடிக்கலாம். நமக்கு அமெரிக்காவில் எத்தனை பேர் கேட்கப்போகிறார்கள்? படிவத்தைக் கொடுத்தால் அந்தக் கொஞ்சத்தில் மட்டும்தான் கை வைப்பார்கள். வரி எண் கேட்கும் இடத்தில் உள்நாட்டு வருமான வாரியம் கொடுத்த, ஐஜி என்று தொடங்கும் உங்கள் எண்ணைப் போடுங்கள்.

நம் நாட்டில், இசைப் படைப்புக்கான ராயல்டியில் ஆண்டுக்கு 20,000 வெள்ளி வரை விலக்கு உண்டு. மேடையில் பாடி வாங்கும் காசு அதில் சேராது, இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள்.

பாட்டு வானொலியிலோ பொது இடத்திலோ ஒலித்தால் வரும் தொகை விநியோகஸ்தர் வழியாக வராது. அதை வசூலித்துத் தர மூன்று அமைப்புகள் உண்டு: எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் எம்ஏசிபி, ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு பிபிஎம், பாடியவருக்கும் வாசித்தவருக்கும் ஆர்பிஎம். நீங்களே எழுதி, நீங்களே பாடி, நீங்களே காசு போட்டிருந்தால் மூன்று கதவையும் தட்ட வேண்டும். பாட்டு வெளியான வாரமே தட்டுங்கள்.

நிகழ்ச்சிக்காரர்கள் ரசீது கேட்க ஆரம்பித்தால் எஸ்எஸ்எம்மில் (வணிகங்களைப் பதியும் அரசு ஆணையம்) தனிநபர் வணிகமாகப் பதிந்துகொள்ளலாம். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு பெயரில் 60. இணையத்திலேயே முடியும். அதுவரை அவசரமில்லை.

8. மேடை

மண்டபத்தில் டிக்கெட் போட்டுச் செய்தால் உள்ளாட்சி மன்றத்தின் கேளிக்கை உரிமம் வேண்டும். சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. டவுனில் விசாரித்து அலையாமல் முதலிலேயே அங்கே கேளுங்கள். என்னிடம் கேட்டவை: அடையாள அட்டை நகல், மண்டப உரிமையாளரின் சம்மதக் கடிதம், நிகழ்ச்சி நிரல், போலீசின் ஆதரவுக் கடிதம். ஒரு மாதம் முன்பே கொடுத்தேன், ஒரு வாரம் மிச்சத்தில் கிடைத்தது. சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ நண்பர் வந்து கூடப் பாடினால் அது வேறு கதை. வெளிநாட்டுக் கலைஞர் என்றால் அதற்கான அரசு அமைப்பான புஸ்பாலின் அனுமதி வேண்டும். 'சும்மா ஒரு பாட்டுதானே' என்று ஏற்றிவிடாதீர்கள்.

சுவரொட்டியில் கவனம். மண்டை ஓடு, தலைகீழ்ச் சிலுவை, ரத்தம், கூரிய எழுத்து எல்லாம் பார்த்தால் பிளாக் மெட்டல் என்ற முரட்டு ராக் இசை என்றுதான் நினைப்பார்கள். இஸ்லாமிய மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தேசிய ஃபத்வா மன்றமே 2006-இல் அதற்கு எதிராக முடிவெடுத்த நாடு இது. கித்தாரும் உறுமியும்தான் என்று கவுண்டரில் நின்று விளக்குவதற்குள் விடிந்துவிடும். என் சுவரொட்டியில் இப்போது ஒரு பால் கோப்பையும் நிலாவும் மட்டும். சாமி முகத்தைக் கறுப்பாக்கிப் போடுவதும் வேண்டாம். அதிகாரிகளுக்கு முன் கோயில் தலைவர்தான் வருவார். வரிகளின் மலாய் மொழிபெயர்ப்பு ஒரு பக்கம் தயாராக வைத்திருங்கள். கேட்காமலும் இருக்கலாம், கேட்டால் அன்றே கொடுத்துவிடலாம்.

கடைசியாக, பாட்டு கொஞ்சம் ஓடிய பிறகு ஒரு தொலைபேசி வரும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து யாராவது தயங்கித் தயங்கிப் பேசுவார்கள். "எங்க அம்மா தவறிட்டாங்கம்மா. இங்க ஒப்பாரி பாட ஆள் இல்ல. நீங்க பாடுவீங்கன்னாங்க." எனக்கு இதுவரை மூன்று வந்தன. மைக் வேண்டாம், கித்தார் வேண்டாம், கண் மையைத் துடைத்துவிடுங்கள், சாதாரணச் சேலை போதும். இறந்தவர் பெயர், பிள்ளைகள் பெயர், எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார் என்று போகும் வழியிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், வரிகளில் அதெல்லாம் வர வேண்டும். கைப்பேசியை அணைத்துவிடுங்கள், பதிவு செய்யாதீர்கள். ரசீது புத்தகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பாடி முடித்து, உடலை எடுத்த பிறகு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்து குளித்துவிட்டு வீட்டுக்குள் நுழையுங்கள்.